அடைக்கலக்குருவிக்கு எம் வீட்டில் இடம் உண்டா?

மார்கழி மாதத்தில் இலண்டன் மாநகரில் பொழுது புலரக் காலை எட்டு மணியாகிவிடுகின்றது. பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுகின்றான். இடைப்பட்ட அந்த எட்டு மணி நேரத்தில், பிள்ளைகள் பாடசாலைக்கும் பெற்றோர் வேலைக்கும் சென்றுவிட, வீட்டிலே தனித்திருக்கும் எம் முதியவர்கள் பலருக்கு வெளியுலகு என்பது யன்னற் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் ஒரு துண்டு வளவும், ஒரு மதிலும், பெயர் தெரியாத ஒரு மரமுமே. தெருவில் இறங்கினால் மொழி வேண்டும். பேருந்தில் ஏறினால் துணை வேண்டும். யன்னலோரம் அமர்ந்திருப்பதற்கு இரண்டும் வேண்டியதில்லை.

அந்த யன்னலுக்கு வெளியே நாள்தோறும் வந்துபோகும் பறவைகளை எம்மவர்கள் காணாமல் இல்லை. "ஏதோ குருவி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்றும், ஆந்தை அலறினால் ஆகாது என்றும் பறவையின் ஒவ்வொரு குரலுக்கும் பொருள் கண்ட ஒரு சமூகம், இந்நாட்டுப் பறவைகளின் பெயரைக்கூட அறியாமல் இருபது, முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இரட்டை வேலையும் வழக்கறிஞர் அலுவலகமும் உள்துறை அமைச்சின் கடிதங்களுமாகக் கழிந்த காலத்தில் குருவி பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? ஆயினும் அந்த "ஏதோ குருவி"களுள் ஒன்று எமக்கு ஊரிலேயே அறிமுகமானது என்பதும், அது இம்மாநகரின் பல பகுதிகளிலிருந்து மறைந்துவிட்டது என்பதும், அம்மறைவில் எமது வீடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும் பலர் அறியாதவை. அதற்கு வருமுன், யன்னலோரத்து ஒரு நாளை முதலிற் பார்ப்போம்.

இருள் முற்றாக விலகுமுன் வளவுக்கு வருவன பிளாக்பேர்ட் என்னும் கரும்பறவையும் ரொபினுமாகும். பிளாக்பேர்டின் ஆண் முழுக் கறுப்பு. அலகு மட்டும் மஞ்சள். பெண்ணோ கபில நிறம். இவை இரண்டும் உடலளவுக்குப் பெரிய கண்களைக் கொண்டவை. ஆதலால் மங்கல் ஒளியிலேயே இவற்றால் இரை தேட முடிகின்றது. 2004 ஆம் ஆண்டு மார்கழியில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, பிரித்தானியப் பறவையியல் அமைப்பின் வேண்டுகோளை ஏற்று நாடெங்குமுள்ள வீட்டினர் தத்தம் வளவுக்கு எப்பறவை எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து அனுப்பினர். முன்னணியில் நின்றவை இவை இரண்டுமே. கண் சிறிய இனங்கள் பொதுவாகப் பிந்தியே வந்தன. காலைத் தேநீருடன் யன்னலோரம் அமரும் எவரும் இவ்வரிசையைத் தாமே ஒரு வாரத்திற் கண்டுகொள்ளலாம். அதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. அதே யன்னல், அதே நேரம், ஒரு பழைய கொப்பி, ஒரு பென்சில் ஆகியவை போதும்.

விடிந்தபின் வரும் நீலச்சிட்டை இந்நாட்டவர் புளூ ரிற் என்பர். நீலத் தலையும் மஞ்சள் வயிறுமாக, ஒரு நொடி நில்லாது தலைகீழாகத் தொங்கித் திரியும். அதன் எடை ஏறத்தாழ 11 கிராம். ஒரு பவுண் நாணயத்தின் எடையிலும் சற்றே கூடியது. பதினாறு மணி நேர மாரி இரவை இத்துணைச் சிறிய உடல் கடக்கவேண்டுமாயின், பகலிலே சேர்த்த கொழுப்பை எரித்தே கடக்கவேண்டும். ஆகையால் காலையிற் பசியோடு வருவதும், பொழுது சாயுமுன் மீண்டும் அவசரமாக வருவதும் அதன் நாளாந்த வழக்கம். விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்று, காலால் அமத்திப் பிடித்து, அலகாற் கொத்தி உடைத்து உண்டு, அடுத்த விதைக்குத் திரும்பி வரும்.

1980களிலும் 1990களிலும் இங்கு வந்து சேர்ந்தவர்கள், வாசற்படியிற் பாற்காரர் போத்தல் வைத்துச் சென்ற காலத்தைக் கண்டவர்கள். போத்தலின் வெள்ளித்தாள் மூடி துளைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளைச் சந்தேகித்தவர்களும் இருந்திருக்கலாம். குற்றவாளி நீலச்சிட்டுத்தான்! மூடியைக் கிழித்து, மேலே திரண்ட ஆடையை அது உண்டுவந்தது. தென் இங்கிலாந்தில் சவுதாம்ரன் நகருக்கு அருகே சுவேதிலிங் என்னும் இடத்தில் 1921 இல் இப்பழக்கம் முதன்முதலிற் பதிவாயிற்று. ஒன்றைப் பார்த்து ஒன்று தொடர, சில பத்தாண்டுகளில் நாடெங்கும் இது பரவிய விதத்தை ஜேம்ஸ் பிஷர், ரொபேர்ட் ஹைன்ட் என்னும் இருவர் 1949 இல் தொகுத்து வெளியிட்டனர். கதவைத் திறந்து போத்தலை எடுத்தவர்கள் கண்டு சொன்ன செய்திகள் சேர்ந்தே அது அறிவியலாயிற்று. வாசலுக்குப் பால் வருவது அருகி, ஆடை கட்டாத பால் பெருகியதும் பறவையின் பழக்கமும் மறைந்தது.

ரொபினைப் பற்றி இந்நாட்டவர் கொண்டுள்ள கருத்து வேடிக்கையானது. நத்தார் வாழ்த்து மடல்களில் அது பனிமேல் நிற்கும் சாதுவான குருவி. உண்மையில் அதனைப் போன்ற சண்டைக்காரன் வளவிலே வேறொன்றில்லை. டேவிட் லாக் என்பவர் டெவன் மாவட்டத்தில் டாட்டிங்ரன் பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோது ரொபின்களின் கால்களில் நிற வளையங்களிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்கண்டு ஆராய்ந்தார். பாடம் செய்யப்பட்ட ரொபின் ஒன்றை வளவில் வைத்தபோது, உரிமைக்காரப் பறவை அதனைத் தாக்கியது. உடலில்லாத வெறும் சிவப்பு இறகுக் கொத்தைக்கூட அது மிரட்டியது. அந்தச் செம்மார்பு அழகுக்காக அமைந்ததன்று. "இது எனது காணி" என்னும் அறிவிப்பு அது. இவ்வாராய்ச்சிகளை அவர் 1943 இல் நூலாக வெளியிட்டார். மாரியில் ஆணும் பெண்ணும் தனித்தனியே எல்லை வகுத்துக்கொள்வதும், இரண்டுமே பாடிக் காவல் காப்பதும் ரொபினின் சிறப்பு. குஞ்சுகளுக்கு முதற் சில மாதங்களில் மார்பு சிவப்பதில்லை. புள்ளியிட்ட கபில நிறமே. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு ரொபினை விளங்கிக்கொள்வது கடினமன்று.

பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை முடித்து அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு வீடு திரும்பிய எம் இளைஞர்கள் தெருவிளக்கின் கீழ் ஒரு பறவை தனியே பாடுவதைக் கேட்டிருப்பர். இராப்பாடிக் குயில் என்று பலர் அதனைத் தவறாக எண்ணுவதுண்டு. நகரத்தில் அது பெரும்பாலும் ரொபினே. விளக்கொளி அதனை ஏமாற்றுகின்றது என்று முன்னர் கூறப்பட்டது. ஆனால் ஷெபீல்ட் நகரில் நடந்து, 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று, பகலில் இரைச்சல் மிகுந்த இடங்களிலேயே ரொபின்கள் இரவிற் பாடுகின்றன என்று கண்டது. பகலிற் கேட்கப்படாத குரலை இரவிலாவது கேட்பிக்க முயல்கின்றது போலும்.

ஸ்ரார்லிங் எனப்படும் மினுமினுத்த புள்ளிப் பறவை எம் மைனாவுக்கு உறவு. அதைப் போலவே பிற ஒலிகளைத் திருப்பிச் சொல்ல வல்லது. ஒரு காலத்தில் இலண்டன் நடுநகரின் கட்டடங்களில் இவை பெருங்கூட்டமாக அடைந்தன. 1949 ஆவணியில் பிக் பென் மணிக்கூட்டின் நிமிட முள்ளில் இவை கூட்டமாக அமர்ந்ததால் மணிக்கூடு நாலரை நிமிடம் பிந்தியது என்பது பதிவாகியுள்ள செய்தி. இன்று நடுநகரில் அந்தக் காட்சி இல்லை.

சனிக்கிழமைச் சோறு

எம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் சனிக்கிழமை விரதம் உண்டு; புரட்டாதிச் சனி தவறாது உண்டு. காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணவேண்டும். ஊரிலே வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து "கா... கா..." என்று அழைத்து முடியுமுன், கழுத்திற் சாம்பல் நிறம் கொண்ட காகங்கள் கூட்டமாக வந்திறங்கும். இங்கோ மதிலில் வைத்த சோறு ஆறி உலர்ந்தாலும் காகம் வருவதில்லை. "இந்நாட்டுக் காகத்துக்குச் சோறு பழக்கமில்லை" என்று சலித்துக்கொள்ளும் தாய்மார் பலர்.

சோறு பழக்கமில்லை என்பது பாதி உண்மைதான். மறுபாதி, இது வேறு இனம் என்பது. எமது ஊர்க்காகம் மனிதரோடு ஒட்டி, கூட்டமாக வாழ்வது. இலண்டனிற் காணப்படும் முழுக் கறுப்புக் காகமோ இணையாக வாழ்ந்து, தனக்கென ஓர் எல்லையைக் காத்துக்கொள்வது. புதிய பொருளைக் கண்டால் உடனே அணுகாது. புகைபோக்கியிலோ உயர்ந்த மரத்திலோ அமர்ந்து நெடுநேரம் பார்க்கும். இறங்கி, எட்டிப் பார்த்து, துள்ளிப் பின்வாங்கும். அதே இடத்தில், அதே நேரத்தில், சில வாரங்கள் தொடர்ந்து வைத்தால் மெல்ல வரத் தொடங்கும். வந்தபின் அதன் பழக்கங்கள் பார்க்கத்தக்கவை. காய்ந்த பாணைக் கொண்டுபோய்த் தண்ணீரில் தோய்த்து உண்ணும். மிஞ்சியதைப் புல்லுக்குள் ஒளித்து, மேலே ஓர் இலையை இழுத்து மூடிவிட்டு, வேறு காகம் பார்த்ததா என்று நோட்டமிடும். இதன் அமெரிக்க உறவினத்தை வைத்து, சியாற்றில் நகரிலுள்ள வோஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மார்ஸ்லுப் குழுவினர் 2006 இல் ஒரு சோதனையைத் தொடங்கினர். ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்து காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டனர். பல ஆண்டுகள் கழிந்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூடிக் கரைந்தன. தீங்கு செய்தவர் முகத்தை அவை மறப்பதில்லை.

சோறு வைப்பதிற் கவனிக்கவேண்டியவையும் உண்டு. இதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. பானையில் மிஞ்சிய சோறு முழுவதையும், கறியும் குழம்பும் கலந்தபடியே பின்வளவிற் கொட்டும் பழக்கம் எம்மிடையே உண்டு. காகத்துக்கு முன் புறா வரும். புறாவுக்குப் பின் எலி வரும். எலிக்குப் பின் அயலவரின் முறைப்பாடும் கவுன்சிலின் கடிதமும் வரும். புறாக்களுக்குத் தீனியிடுவதற்குப் பெயர்பெற்ற திரபல்கார் சதுக்கத்திலேயே 2003 இல் அது தடைசெய்யப்பட்டது. உப்புச் சேர்த்த உணவு சிறு பறவைகளின் உடலுக்கு ஒவ்வாது. மிக்சர், முறுக்கு, பொரித்த எண்ணெய், பால் ஆகியன வேண்டாம். உப்பிடாத சோறு ஒரு பிடி போதும். சாத்திரமும் ஒரு பிடியே கேட்கின்றது, அண்டாவைக் கேட்கவில்லை. பொழுது சாயுமுன் மிஞ்சியதை அள்ளிவிடவேண்டும்.

தீனிக்கூடுகளை வாரம் ஒருமுறையாவது கழுவுவதும் அவசியம். 2005 முதல் பரவிய ஒருவகைத் தொண்டை நோயினால் கிறீன்பிஞ்ச் என்னும் பச்சைக் குருவிகள் பெருந்தொகையாக மடிந்தன. நோயுற்ற பறவையின் எச்சிலும் எச்சமும் பட்ட தீனியும் நீருமே அந்நோயைப் பரப்புகின்றன. இதனாலேயே அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 2025 இன் தொடக்கத்தில் தட்டையான தீனித்தட்டுகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது.

காகம் வராத குறையைத் தீர்க்க வேறொருவர் வந்திருக்கின்றார். ஹரோவிலோ ரூற்றிங்கிலோ வாழ்பவர்கள் மாலையில் கீச்சிட்டுக்கொண்டு விரையும் பச்சைக்கிளிக் கூட்டத்தைக் காணாதிருக்க முடியாது. ஆண் கிளியின் கழுத்திலே கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த ஆரம். ஐயம் வேண்டாம், பனை மரப் பொந்தில் நாம் கண்ட அதே இனந்தான். கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, 1970களிலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தில் நிலையாக வாழ்கின்றன. ஓர் இசைக்கலைஞர் திறந்துவிட்டார், ஒரு திரைப்படப் படப்பிடிப்பிலிருந்து பறந்தன என்றெல்லாம் கதைகள் உலவின. 2019 இல் வெளியான ஆய்வொன்று அக்கதைகளுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. ஐரோப்பாவிலுள்ள இக்கிளிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவற்றின் மூதாதைகள் பெரும்பாலும் பாக்கிஸ்தானிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பிடித்து வரப்பட்டவை என்பர். குளிர்ப் பகுதியின் கிளிகள் ஆதலால் இலண்டன் மாரி அவற்றை வருத்துவதில்லை. தீனிக்கூட்டுக்குக் கிளி வந்தால் சிறு பறவைகள் ஒதுங்கி நிற்பதையும் யன்னலோரத்திற் காணலாம். வந்தேறி என்று இவற்றைத் திட்டும் இந்நாட்டவரும் உளர். அச்சொல்லைக் கேட்கும்போது எமக்கும் காது கூசத்தான் செய்கின்றது.

பெயரிலேயே அடைக்கலம்

இனி, முன்னர் குறிப்பிட்ட அந்தக் குருவிக்கு வருவோம். கபில முதுகு, சாம்பல் உச்சி, தொண்டையிற் கரிய கறை: இது ஆண். பெண்ணுக்குக் கறை இல்லை, மங்கல் கபிலம். ஊர்க்குருவி, சிட்டுக்குருவி என்றும், வீட்டிலே கூடு கட்டுவதால் அடைக்கலக்குருவி என்றும் நாம் அழைத்ததும், இந்நாட்டவர் வீட்டுக்குருவி என்னும் பொருள்பட அழைப்பதும் ஒரே இனத்தையே. கூரை முகட்டிலும் கடை விறாந்தையிலும் சுவரிலே மாட்டிய படத்தின் பின்புறத்திலும் அது கூடு கட்டும். அதற்கென முட்டி கட்டித் தொங்கவிட்ட வீடுகளும் உண்டு. குஞ்சு இருக்கும் கூட்டைக் கலைப்பது பாவம் என்பது எம் மூத்தோர் கொள்கை. அடைக்கலம் என்று வந்ததைத் துரத்தலாகாது என்பதைப் பறவையின் பெயரிலேயே பொதிந்து வைத்த மொழி எம்முடையது.

இலண்டனில் இக்குருவியின் கதை எண்களாகவே எழுதப்பட்டுள்ளது. 1925 இல் மக்ஸ் நிக்கல்சன் என்னும் இளைஞர் கென்சிங்ரன் பூங்காவில் குருவிகளை எண்ணினார், 2,603 இருந்தன. 1948 இல் மீண்டும் எண்ணியபோது 885. 1975 இல் 544. 1995 இல் 46. 2000 ஆம் ஆண்டில் 8. இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்பது எழுபத்தைந்து ஆண்டுகளில் எட்டாயிற்று! காடழிந்த இடமன்று, அரச பூங்கா. அதே 2000 ஆம் ஆண்டில் இந்நாட்டு நாளிதழான இன்டிபென்டன்ற், இதற்கு அறிவியற் காரணம் காட்டுவோருக்கு 5,000 பவுண் பரிசு அறிவித்தது. 2002 இல் வீட்டுக்குருவி பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

காரணம் ஒன்றன்று என்பதே இதுவரை தெரிந்தது. முதிர்ந்த குருவி விதை தின்னும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் நாட்களில் விதை செரிக்காது. செடிப்பேனும் புழுவும் சிலந்தியுமே அதற்கு வேண்டும். லெஸ்ரர் நகரில் நடைபெற்ற ஆய்வில், பூச்சி குறைந்த இடங்களிற் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் இறப்பது கண்டறியப்பட்டது. இலண்டன் குருவிகளிற் பறவை மலேரியாக் கிருமி மிகுந்திருப்பதை 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. கூடு கட்டும் இடைவெளிகள் அற்றுப்போனமையும் கூறப்படுகின்றது. இவ்விரண்டும், அதாவது பூச்சியும் இடைவெளியும், நேரே எம் வீட்டு வாசலுக்கு வருகின்ற விடயங்கள்.

ஒரு குருவிக் குடும்பத்தை ஒரு பருவம் முழுவதும் கவனித்துப் பார்த்தால் இது விளங்கும். குருவி தனித்து வாழாது. பத்து, இருபது சேர்ந்து ஓர் அடர்ந்த செடிவேலியைத் தம் சபையாக்கிக்கொள்ளும். மாலையில் அவ்வேலிக்குள்ளிருந்து எழும் இரைச்சலைக் கேட்டால், கோவில் வீதியில் திருவிழாக் கூட்டம் கலைவது போலிருக்கும். அருகிற் சென்றால் சட்டென்று அடங்கிவிடும். வெயில் கண்டால் பூப்பாத்தியின் உலர்ந்த மண்ணிற் குழி பறித்துத் தூசியிலே குளிக்கும். ஒன்றின் குழிக்கு மற்றொன்று சண்டையிடும். ஓட்டுக்கும் கூரையோரப் பலகைக்கும் இடையிலுள்ள பொத்தலிற் புல்லும் இறகும் திணித்துக் கூடு கட்டும். பக்கத்துப் பொத்தலில் இன்னொரு இணை. ஒரு பருவத்தில் இரண்டு, மூன்று தடவை குஞ்சு பொரிக்கும். பிறந்த இடத்தை விட்டு ஓரிரு கிலோமீற்றருக்கு அப்பாற் செல்வது அரிது. ஆகையால் ஒரு தெருவில் அவை அற்றுப்போனால் வெளியிலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்புவது எளிதாக நிகழ்வதில்லை.

அந்தச் செடிவேலியும் பூப்பாத்தியும் பொத்தலும் எங்கே போயின? எம்மவர்கள் வீடு வாங்கியதும் முதலிற் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்ப்போம். முன்வளவின் வேலி வெட்டப்பட்டு, இரண்டு கார் நிறுத்துவதற்குக் கல் பரவப்படுகின்றது. பின்வளவிலே பிள்ளைகள் விளையாடவும் கொண்டாட்டங்கள் வைக்கவும் சீமெந்துத் தரையோ பிளாஸ்ரிக் புல்லோ இடப்படுகின்றது. கூரையோரத்து மரப்பலகை அகற்றப்பட்டு இடைவெளியற்ற வெள்ளைப் பிளாஸ்ரிக் பொருத்தப்படுகின்றது. இவை எவற்றிலும் கெட்ட எண்ணமில்லை. அகதி முகாம்களிலும் ஒற்றை அறைகளிலும் ஒண்டியிருந்தவர்கள், தமக்கென ஒரு வீடு கிடைத்தபோது அதனைத் துப்புரவாகவும் ஒழுங்காகவும் வைத்திருக்க விரும்புவது இயல்பே. எம்மவர் மட்டும் செய்வதுமன்று. இலண்டனின் முன்வளவுகளில் கல்லும் சீமெந்தும் மூடிய பரப்பு 12 சதுர மைல், அதாவது ஹைட் பார்க் பூங்காவைப் போல் 22 மடங்கு என்று இலண்டன் சபை 2005 இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆயினும் அடைக்கலம் என்ற சொல்லின் பொருளைப் படிவம் நிரப்பி, வரிசையில் நின்று அறிந்த நாம், அடைக்கலக்குருவி நுழையும் பொத்தலைப் பணம் கொடுத்து அடைப்பிக்கின்றோம் என்பது சிந்திக்கவேண்டியதே.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கார் நிறுத்த இடம் வேண்டும்தான். ஆனால் சக்கரம் படும் இரு பட்டைகளுக்கு மட்டும் கல் பரவி, எஞ்சியதை மண்ணாக விடலாம். இங்கிலாந்தில் 2008 ஐப்பசி முதல், முன்வளவில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் நீர் ஊறாத தளம் இட்டு, மழைநீரைத் தெருவுக்கு விடுவதாயின் திட்ட அனுமதி பெறவேண்டும். ஒப்பந்தகாரர்கள் இதனை எப்போதும் சொல்வதில்லை. மதிலோரத்தில் இரண்டடி அகலம் மண் விட்டு ஒரு செடிவேலி வைத்தாலே குருவிக்குச் சபைமண்டபம் கிடைத்துவிடும். பின்வளவில் வெங்காயமும் கீரையும் மிளகாயும் பயிரிடும் தாய்மார் அறியாமலேயே குருவிக்கு உதவுகின்றனர். கத்தரிச் செடியிற் செடிப்பேன் கண்டவுடன் மருந்தடிக்காது இரண்டு நாள் பொறுத்தால், குஞ்சுக்கு இரை தேடும் குருவி அதைப் பொறுக்கிச் செல்வதையும் காணலாம்.

கூரை வேலை செய்விப்பவர்கள் காலத்தைக் கவனிக்கவேண்டும். 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி பறவை பயன்படுத்திக்கொண்டிருக்கும் கூட்டை வேண்டுமென்றே கலைப்பது குற்றமாகும். பங்குனி முதல் ஆவணி வரையான காலத்தைத் தவிர்த்து வேலையை வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. பொத்தலை அடைத்தே ஆகவேண்டும் என்றால் கூட்டுப்பெட்டி வைக்கலாம். துளையின் விட்டம் 32 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். 25 மில்லிமீற்றர் ஆயின் நீலச்சிட்டு மட்டுமே நுழையும். குருவி அயலவரோடு வாழ்வதாகையால் ஒரு பெட்டி போதாது. இரண்டு, மூன்றைக் கூரையோரத்தின் கீழ், நண்பகல் வெயில் நேரே படாத வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில் பொருத்தவேண்டும். பலகையும் ஆணியும் வைத்து ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தாத்தாவும் பேரனும் செய்து முடித்துவிடலாம். முதல் ஆண்டு காலியாகக் கிடந்தாலும் கழற்றிவிடக்கூடாது. மாடிக் குடியிருப்புகளில் இருப்போர் பால்கனியில் ஒரு தட்டுத் தண்ணீரும் ஒரு செடித்தொட்டியும் வைப்பது நன்று. தீனி வைப்பது பற்றி வீட்டு உரிமையாளரின் விதிகளை முதலில் அறிந்துகொள்ளவேண்டும்.

பார்த்ததை எழுதி வைப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஒரு வாய்ப்பும் வருகின்றது. அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம், தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகள் கொல்லப்படுவதை எதிர்த்துப் பெண்கள் சிலர் 1889 இல் தொடங்கிய அமைப்பு. தை மாதக் கடைசி வார இறுதியில் அது நாடளாவிய கணக்கெடுப்பு நடத்துகின்றது. 1979 இல் பிள்ளைகளுக்கான ஒரு செயற்பாடாகவே இது தொடங்கிற்று. அந்த முதற் கணக்கில் ஒரு வளவுக்குச் சராசரியாக 15 ஸ்ரார்லிங்குகளும் 10 குருவிகளும் வந்தன. இன்று அந்த எண்கள் கனவுதான். இவ்வளவு குறைந்த பின்னரும் குருவியே பல ஆண்டுகளாகப் பட்டியலின் முதலிடத்தில் நிற்கின்றது என்பது ஒரு வியப்பு.

முறை மிகவும் எளிது. ஏதேனும் ஒரு மணி நேரம் யன்னலோரம் அமரவேண்டும். வளவில் வந்திறங்கும் பறவைகளையே எண்ணவேண்டும். மேலே பறந்து போவன கணக்கில் இல்லை. ஒரே குருவி பத்து முறை வரலாம் ஆகையால், வந்தவற்றைக் கூட்டக்கூடாது. ஒரே வேளையில் ஒன்றாகக் கண்ட மிகக் கூடிய எண்ணிக்கையே எழுதப்படும். பெயர் தெரியாத பறவைக்குப் படம் பார்த்துப் பெயர் காண்பது பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். "இது அமத்திப் பிடித்துத் தின்னுது, இது நிலத்திலை மட்டும் பொறுக்குது" என்று சொல்லிக்கொடுப்பது, அதை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மாவின் பொறுப்பு. அவர் தமிழிற் சொல்ல, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் நிரப்ப, படிவம் போய்ச் சேரும். அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் வராவிட்டால், கடதாசியை எறிந்துவிடவேண்டாம். குருவி என்ற இடத்தில் பூச்சியம் என்று எழுதி அனுப்பவேண்டும். கென்சிங்ரன் பூங்காவில் எட்டு என்று எழுதியவர்கள், அதே நேர்மையுடன்தான் எழுதினார்கள்.